பழைய மேக் மென்பொருளுக்குள் இருக்கும் தமிழைத் திருத்த: ரெஸ், டீரெஸ் முழுமையான வழிகாட்டி

1990களில் மேக்கிண்டாஷுக்கு எழுதிய ஒரு மென்பொருள் உங்களிடம் இருக்கிறது, மூல நிரல் இல்லை, ஆனால் அதன் அறிமுகப் பெட்டியிலோ கேள்விப் பட்டியலிலோ உள்ள எழுத்தை மாற்றியாக வேண்டும். அந்த ஒரு வேலைக்குத்தான் இந்த வழிகாட்டி. டீரெஸ் என்பது மென்பொருளுக்குள் இருப்பதை உரையாக எடுத்துக் கொடுக்கும் ஆப்பிள் கருவி, ரெஸ் என்பது அந்த உரையைத் திரும்ப உள்ளே கட்டும் கருவி.

எனக்கு இது வந்த வழி: சிங்கப்பூரில் தோ பாயோவில் வீட்டிலேயே துணைப்பாட வகுப்பு நடத்திய ஓர் ஆசிரியை, தொடக்கநிலை மூன்று, நான்கு பிள்ளைகளுக்காக யாரிடமோ எழுதி வாங்கிய சொற்பயிற்சி மென்பொருளைக் கொண்டுவந்தார். இரண்டு திருத்தம் கேட்டார். அதில் இருந்த தொலைபேசி எண் ஏழு இலக்கம். 2002 மார்ச்சில் இங்கே வீட்டு எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்ததே, அதற்கு முந்தைய எண். அப்புறம் கேள்விகளில் சில எழுத்துப்பிழைகள். அதை முடித்த பிறகு இதைக் கற்றுக்கொள்ள வந்த சிலரோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திருத்தும் இடத்தில் அவ்வளவாக யாரும் தடுமாறவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு நேராகத் திருத்தப் போனதில்தான் கோப்பு கெட்டது. அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ரெஸ், டீரெஸ் இரண்டும் இசட் எழுத்தில் முடியும். டீ, ஆர் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து.

1. ஒரு கோப்பு, இரண்டு பகுதி

பழைய மேக்கில் ஒரு கோப்புக்குள் இரண்டு பகுதி உண்டு. டேட்டா ஃபோர்க் என்பது நாம் எல்லாரும் அறிந்த சாதாரணக் கோப்பு. ரிசோர்ஸ் ஃபோர்க் என்பது மெனு, உரையாடல் பெட்டி, ஐகான், ஒலி, எழுத்துரு, வாக்கியங்கள் எல்லாம் தனித்தனி அறையில் அடுக்கிய பெட்டி.

ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் நான்கு எழுத்தில் ஒரு வகைக் குறியீடும் ஓர் எண்ணும் இருக்கும். ஒற்றை வாக்கியம் என்றால் எஸ்-டி-ஆர், அதன்பின் ஓர் இடைவெளி. வாக்கியப் பட்டியல் என்றால் எஸ்-டி-ஆர், அதன்பின் #. அந்த இடைவெளியும் நான்காவது எழுத்துதான், அதை விட்டால் கருவி அந்த ரிசோர்ஸைக் கண்டுகொள்ளாது.

68கே (மேக்கில் முதலில் இருந்த மோட்டோரோலா 68000 வகைச் செயலி) காலத்து மென்பொருளில் நிரல்கூட ரிசோர்ஸ் ஃபோர்க்கிலேயே இருக்கும், டேட்டா ஃபோர்க் 0 பைட். இது தெரியாததால்தான் பலர் "கோப்பு காலி" என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள்.

2. முன்கூட்டியே வேண்டியவை

ஒரு மேக் கணினி, அதில் ஆப்பிளின் நிரலாக்கத் தொகுப்பான எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகள். முழு எக்ஸ்கோட் தேவையில்லை. டெர்மினலில் இதைக் கொடுத்தால் நிறுவும்:

எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்

ரெஸ், டீரெஸ் இரண்டையும் ஆப்பிள் எக்ஸ்கோட் 6 முதலே கைவிடப்படும் கருவிகள் என்று அறிவித்துவிட்டது. ஆகவே உங்கள் பதிப்பில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்:

எக்ஸ்சிரன் -எஃப் டீரெஸ்

பாதை ஒன்று வந்தால் சரி. வரவில்லை, அல்லது உங்களிடம் இருப்பது லினக்ஸ் என்றால், பைத்தானில் மேக்ரிசோர்சஸ் என்ற தொகுப்பு உண்டு. அதில் வரும் சிம்பிள்ரெஸ், சிம்பிள்டீரெஸ் இதே வேலையைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண் வடிவில் செய்யும். கீழே 7ஆம் பகுதி அவற்றைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் பொருந்தும்.

திருத்திய மென்பொருளை ஓட்டிப் பார்க்க ஓர் எமுலேட்டர், அதாவது பழைய மேக்கைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள், வேண்டும். 68கே மென்பொருள் என்றால் பாசிலிஸ்க் 2, அதற்குப் பின் வந்த பவர்பிசி செயலிக்கானது என்றால் ஷீப்ஷேவர். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். திருத்துவதற்கு முன்பே மென்பொருள் அதில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு ஒரு பிழை வரும்போது அது உங்கள் திருத்தத்தால் வந்ததா, எமுலேட்டரால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

இன்னொன்று எளிய உரைத் திருத்தி. டெக்ஸ்ட்எடிட் பயன்படுத்தினால் எளிய உரைக்கு மாற்றி, வளைந்த மேற்கோள் குறி தானாகப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். வளைந்த குறி ஒன்று நுழைந்தாலும் ரெஸ் அந்த வரியில் நின்றுவிடும்.

3. கோப்பை முழுதாகக் கொண்டுவருவது

நான் பார்த்ததில் அதிகமான கோப்புகள் செத்தது இங்கேதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், விண்டோஸ் கணினி வழியாகப் போனாலும், கிட் என்ற நிரல் சேமிப்புக் கருவியில் போட்டாலும் ரிசோர்ஸ் ஃபோர்க் கழன்றுவிடும். பெயர் அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

பழைய மேக்கிலிருந்து எடுக்கும்போதே பின்ஹெக்ஸ் அல்லது மேக்பைனரி வடிவில் மூட்டை கட்டிவிடுங்கள். இரண்டும் இரு பகுதிகளையும் ஒரே சாதாரணக் கோப்பாக ஆக்கிவிடுவதால் பிறகு எந்த வழியாகப் போனாலும் சேதமில்லை. இந்த மூட்டைகளையும், ஸ்டஃபிட் (அந்தக் கால மேக்கின் ஜிப் போன்றது) கோப்பையும் உனார் என்ற கட்டளை பிரிக்கும்.

ஃபிளாப்பி என்றால் ஒரு எச்சரிக்கை. மேக் வட்டுகளில் 1.44 எம்பி வட்டுகளைத்தான் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் படிக்கும். மேக்கின் பழைய 400கே, 800கே வட்டுகளைப் படிக்காது, அவற்றுக்குப் பழைய மேக்கே வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஸ்டோர் ரூமில் கிடந்த வட்டில் பூஞ்சை பிடித்திருக்கும். மூடியைத் தள்ளி வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளைத் திட்டு தெரிந்தால் டிரைவில் போடவே வேண்டாம், போட்டால் வட்டும் கெடும், டிரைவின் தலையும் கெடும்.

வட்டின் பிம்பம் (வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்த நகல்) கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் வரலாம். கேட்டலினா முதல் மேக்ஓஎஸ் பழைய எச்எஃப்எஸ் வட்டுகளைத் திறப்பதில்லை. எச்எஃப்எஸ்யூட்டில்ஸ் நிறுவி, எச்மவுண்ட் கொடுத்துப் பிம்பத்தை இணைத்து, எச்காப்பி -எம் கொடுத்து எடுங்கள். அந்த -எம் தான் மேக்பைனரியாக எடுக்கச் சொல்வது, அதை விடக்கூடாது.

தம்ப் டிரைவில் வந்தால் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் புள்ளியும் கீழ்க்கோடும் முன்னால் போட்ட இன்னொரு சின்னக் கோப்பு இருக்கும். ரிசோர்ஸ் ஃபோர்க் அதற்குள்தான் இருக்கிறது. குப்பை என்று நினைத்து அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டாட்_கிளீன் என்ற கட்டளை அதை உரிய கோப்போடு சேர்த்துவிடும்.

மூட்டையாக வந்ததைப் பிரித்துவிட்டு, இப்போது ஃபோர்க் வந்துவிட்டதா என்று பாருங்கள். கோப்பின் பெயர் பாடம் என்று வைத்துக்கொள்வோம்:

எல்எஸ் -எல் பாடம்/..நேம்ட்ஃபோர்க்/ஆர்எஸ்ஆர்சி

அளவு 0 என்று வந்தால் இங்கேயே நின்று, மறுபடி மூலத்திலிருந்து எடுங்கள். மேலே போவதில் பயனில்லை.

4. நகல் எடுப்பது, அடையாளத்தைக் குறித்துவைப்பது

மூலத்தைத் தொடாதீர்கள். ஒரு நகலை ஜிப் ஆக்கி ஒதுக்கிவையுங்கள். டிட்டோ கட்டளையில் -சி -கே --சீக்வெஸ்டர்ஆர்எஸ்ஆர்சி என்று கொடுத்தால் ரிசோர்ஸ் ஃபோர்க்கும் சேர்ந்து ஜிப்புக்குள் போகும். பிறகு பாடம்-வேலை என்று இன்னொரு நகல், அதில்தான் எல்லா வேலையும்.

அடுத்து கெட்ஃபைல்இன்ஃபோ பாடம் என்று கொடுங்கள். வகை, உருவாக்கி என்று இரண்டு நான்கெழுத்துக் குறியீடுகள் வரும். ஒரு தாளில் எழுதிவையுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு உட்பட. பழைய மேக்குக்குக் கோப்பின் பின்னொட்டு முக்கியமில்லை, இந்த இரண்டை வைத்துத்தான் எதை எதனால் திறப்பது என்று முடிவுசெய்யும். ரெஸ் கருவி புதிய கோப்பை உருவாக்கும்போது தன் இஷ்டத்துக்கு இவற்றைப் போடும். உங்களிடம் பழையது குறித்திருந்தால்தான் திரும்ப வைக்க முடியும்.

5. உள்ளே இருப்பதைப் பார்ப்பது

டீரெஸ் பாடம்-வேலை > முழுசு.ஆர்

வடிவ விளக்கம் (8ஆம் பகுதியில் வரும்) எதுவும் கொடுக்காததால் எல்லாம் பதினாறடிமான எண்களாக வரும். ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கத்தில் அதே பைட்டுகள் எழுத்தாகக் காட்டப்படும். அந்த வலப்பக்கம் வெறும் குறிப்பு. புதிதாக வந்த ஒருவர் அந்தக் குறிப்பில் எண்ணை மாற்றிவிட்டு ஏன் மாறவில்லை என்று வெகுநேரம் தேடினார். இடப்பக்கத்து எண்களைத்தான் ரெஸ் படிக்கும்.

இந்தக் கோப்பில் தேடி, நீங்கள் மாற்ற வேண்டியது எந்த வகை, எந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணைத் தேடுவது எளிது, இலக்கங்கள் வலப்பக்கத்தில் அப்படியே தெரியும். வரியின் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கலாம், அதனால் முழு எண்ணைத் தேடாமல் முதல் மூன்று இலக்கத்தைத் தேடுங்கள்.

6. எதையும் மாற்றாமல் ஒரு முறை போய் வாருங்கள்

எனக்கு இந்த வேலையில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் படி. பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். எடுத்ததை அப்படியே வேறொரு கோப்பாக மீண்டும் கட்டுங்கள்:

ரெஸ் முழுசு.ஆர் -ஓ பாடம்-சோதனை

பிறகு பாடம்-சோதனையை மறுபடி டீரெஸ் செய்து முழுசு2.ஆர் என்று எடுத்து, இரண்டு உரைகளையும் டிஃப் (வேறுபடும் வரிகளைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். ஒரு வேறுபாடும் வரக்கூடாது.

ஏன் இது? உங்கள் கருவி, உங்கள் வட்டு இரண்டும் ஒரு பைட்டையும் மாற்றாமல் கடத்துகின்றன என்று இப்போதே உறுதியாகிறது. இதற்குப் பிறகு ஏதாவது உடைந்தால் அது நீங்கள் தட்டியதால்தான், தேட வேண்டிய இடம் சின்னது.

ஃபோர்க்குகளின் பைட்டுகளை நேரடியாக ஒப்பிடாதீர்கள், அடுக்கிய வரிசை மாறியிருக்கலாம், அது பிழையல்ல. உரைகளை ஒப்பிட்டால் போதும். டேட்டா ஃபோர்க்கில் ஏதாவது இருக்கும் மென்பொருள் என்றால் இந்தச் சோதனைக் கோப்பு ஓடாது, ஏனெனில் ரெஸ் அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. அதனால் கவலை வேண்டாம், உரை பொருந்தினால் மேலே போகலாம்.

7. எண்களில் திருத்துவது

முழுசாக எடுத்ததைத் திருத்தாமல் தேவையான ஒன்றை மட்டும் எடுங்கள். சின்னக் கோப்பில் தவறு செய்தால் சின்னத் தவறுதான்.

டீரெஸ் -ஒன்லி "'எஸ்டிஆர் ' (128)" பாடம்-வேலை > எண்.ஆர்

வெளியே இரட்டை மேற்கோள், உள்ளே ஒற்றை மேற்கோள். வெளியே உள்ளதை விட்டால் அடைப்புக்குறியை ஷெல் தன் கட்டளை என்று எடுத்துக்கொண்டு திட்டும்.

பழைய எண் 1234567 என்று வைத்துக்கொள்வோம். அது இப்படி வரும்:

0731 3233 3435 3637

முதல் பைட் 07, அதாவது ஏழு எழுத்து வருகிறது என்ற அறிவிப்பு. பிறகு 31 என்பது 1, 32 என்பது 2, அப்படியே போகிறது. முன்னால் 6 சேர்த்தால்:

0836 3132 3334 3536 37

36 சேர்ந்தது மட்டுமல்ல, முதல் பைட் 08 ஆனதைக் கவனியுங்கள். அதை மாற்ற மறந்தால் மென்பொருள் ஏழு எழுத்து மட்டும் படித்துக் கடைசி இலக்கத்தை விழுங்கிவிடும். வாக்கியப் பட்டியலில் மறந்தால் இன்னும் மோசம்: அடுத்த வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்பதே பிசகி, அதற்குப் பின்னால் வரும் எல்லா வாக்கியமும் உளறும்.

நீளம் பதினாறடிமானத்தில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே 10 என்றால் பதினாறு எழுத்து. பத்து எழுத்து வாக்கியத்துக்கு 10 என்று போட்டுவிட்டு விழிப்பது சாதாரணமாக நடக்கிறது.

பட்டியல் வகையில் இதற்கும் முன்னால் இரண்டு பைட்டில் மொத்த வாக்கிய எண்ணிக்கை இருக்கும். அதை நீங்கள் தொடத் தேவையே வரக்கூடாது, ஏன் என்பது அடுத்த பகுதியில்.

8. தமிழ் வாக்கியங்களைத் திருத்துவது

நிறைய வாக்கியங்கள் என்றால் நீளத்தைக் கையால் எண்ணுவது சரிவராது. எக்ஸ்கோடோடு வரும் கார்பன் (பழைய மேக் மென்பொருளுக்கான ஆப்பிளின் நிரல் தொகுப்பு) முதலான ஃபிரேம்வொர்க்குகளின் ஹெடர் ஃபோல்டர்களில் ஆர் என்ற பின்னொட்டோடு வடிவ விளக்கக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் வாக்கியப் பட்டியலை விளக்கும் கோப்பை கிரெப் (கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கட்டளை) போட்டுத் தேடி, டீரெஸ் கட்டளையின் கடைசியில் அதன் பெயரையும் கொடுத்தால், எண்களுக்குப் பதில் மேற்கோளுக்குள் வாக்கியங்களாக வரும், நீளத்தையும் எண்ணிக்கையையும் ரெஸ் தானே கணக்கிடும். திரும்பக் கட்டும்போது அதே விளக்கக் கோப்பை ரெஸ்ஸுக்கும் கொடுக்க வேண்டும்.

வாக்கியங்களாக வரும் என்றேன், ஆனால் தமிழாக வராது. அந்தக் காலத்து மென்பொருளில் யூனிகோட் கிடையாது. 256 இடங்களுக்குள் தமிழ் உருவங்களை அடைத்த ஓர் எழுத்துருவை வைத்து எழுதியிருப்பார்கள். ஆகவே பின்சாய்வுக்கோடு, பூஜ்யம், எக்ஸ், அதன்பின் இரண்டு இலக்கம் என்ற வடிவிலும், நடுநடுவே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் தெரியும். அதுதான் சரி. -ஈ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அந்தக் குறியீடுகளுக்குப் பதில் நேரடி பைட்டுகள் வரும். அதை யூடிஎஃப்-8 என்று நினைத்து உங்கள் திருத்தி சேமித்தால் எல்லாம் கெடும். அந்த விருப்பம் வேண்டாம்.

இன்றைய விசைப்பலகையில் "பள்ளிக்கூடம்" என்று தட்டி அங்கே ஒட்டுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. ஒட்டினால் ஒவ்வோர் எழுத்தும் குறியும் மும்மூன்று பைட்டாக இறங்கி, பழைய எழுத்துருவில் கண்டபடி உருவங்களாகத் தெரியும். செய்ய வேண்டியது வேறு: எமுலேட்டரில் மென்பொருளைத் திறந்து, திரையில் தெரியும் சரியான வாக்கியங்களையும் டீரெஸ் காட்டும் குறியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த உருவத்துக்கு எந்த பைட் என்று ஒரு அட்டவணை போடுங்கள். எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது, ஆனால் அதற்குப் பிறகு எல்லாத் திருத்தமும் நிமிடக் கணக்கில் முடிந்தது.

அட்டவணை போடும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் பைட்டுகள் இருக்கும்: கொ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். உச்சரிக்கும் வரிசையில் தேடினால் கிடைக்காது. அடுத்து, கு, கூ, டி, டீ போன்றவை உருவம் மாறுவதால் பல எழுத்துருக்களில் தனி பைட்டாக இருக்கும். மூன்றாவது, மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி: சில எழுத்துருவில் க் ஒரே பைட், சிலவற்றில் க-வும் புள்ளியும் தனித்தனி. "பள்ளிகூடம்" என்பதைப் "பள்ளிக்கூடம்" ஆக்க நான் நுழைத்தது ஒரு க் மட்டும், என் எழுத்துருவில் அது ஒரே பைட். உங்களுடையதில் இரண்டாக இருக்கலாம். ஒரு வாக்கியம் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது என்பதால் இந்தக் கணக்கு நீளமான கேள்விகளில் முக்கியம்.

வாக்கியத்தை ஒருபோதும் நீக்காதீர்கள், நடுவில் சேர்க்காதீர்கள். மென்பொருள் "128ஆம் பட்டியலில் 7ஆவது" என்று எண் சொல்லித்தான் எடுக்கிறது. ஐந்தாவதை நீக்கினால் ஆறாவது அதன் இடத்துக்கு வரும், கேள்விக்கும் விடைக்கும் பொருத்தம் போய்விடும், பிள்ளை சரியாகச் சொன்னாலும் தவறு என்று காட்டும். வேண்டாத வாக்கியம் என்றால் உள்ளே இருப்பதை அழித்து, வெறும் மேற்கோள் குறிகளை அப்படியே விடுங்கள்.

ரிசோர்ஸ் தொடங்கும் வரியில் எண்ணுக்குப் பக்கத்தில் பெயரோ பர்ஜபிள், லாக்டு போன்ற சொற்களோ இருக்கும். அவற்றையும் அழிக்கக்கூடாது, நினைவகத்தில் எப்படி வைப்பது என்று அவைதான் சொல்கின்றன.

உரையாடல் பெட்டியில் இருக்கும் எழுத்தை நீட்டினால் கட்டம் போதாமல் வெட்டுப்படும். கட்டத்தின் நான்கு எண்கள் மேல், இடம், கீழ், வலம் என்ற வரிசையில் வரும். அகலப்படுத்த நான்காவது எண்ணைக் கூட்டுங்கள். இடம்தான் முதலில் வரும் என்று எண்ணி முதல் எண்ணை மாற்றினால் எழுத்து மேலும் கீழும் ஓடும்.

9. திரும்ப எழுதுவது

ரெஸ் -அப்பென்ட் எண்.ஆர் -ஓ பாடம்-வேலை

-அப்பென்ட் என்பதை விட்டால் ரெஸ் பழைய ரிசோர்ஸ் ஃபோர்க் முழுவதையும் தூக்கிவிட்டு, நீங்கள் கொடுத்த அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைக்கும். மெனு, நிரல், எழுத்துரு எல்லாம் போய்விடும், கேட்கக்கூட கேட்காது. நகல் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

-அப்பென்ட் கொடுத்தால் அதே வகை, அதே எண் உள்ளது மட்டும் மாறும். புரொடெக்டட் என்று குறித்த ரிசோர்ஸ் என்றால் மறுக்கும், அப்போது -ஓவி சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடனே மறுபடி கெட்ஃபைல்இன்ஃபோ. தாளில் எழுதிய வகையும் உருவாக்கியும் அப்படியே இருக்கின்றனவா? மாறியிருந்தால் செட்ஃபைல் கட்டளையில் -டி வகைக்கு, -சி உருவாக்கிக்கு.

10. சரிபார்ப்பது

பாடம்-வேலையை வடிவ விளக்கம் இல்லாமல் முழுவதும் டீரெஸ் செய்து, பழைய முழுசு.ஆரோடு டிஃப் போடுங்கள். நீங்கள் மாற்றிய இடங்கள் மட்டும் வேறுபட வேண்டும். நான் ஒரு வாக்கியத்தை மாற்றியபோது இரண்டு இடம் வேறுபட்டது. தேடிப் பார்த்தால் விளக்கக் கோப்போடு எடுத்தபோது தெரியாமல் ஒரு கமாவை மேற்கோளுக்குள் தள்ளியிருந்தேன். டிஃப் இல்லையென்றால் அது ஆசிரியையின் வகுப்பில்தான் தெரிந்திருக்கும்.

பிறகு எமுலேட்டர். மாற்றிய திரையை மட்டும் பார்க்காமல் அந்தப் பட்டியலின் கடைசி வாக்கியம் வரை ஓட்டிப் பாருங்கள், நீளம் பிசகியிருந்தால் கடைசியில்தான் பளிச்சென்று தெரியும். தமிழ் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் பதறாதீர்கள், எழுத்துரு மென்பொருளுக்குள் இல்லாமல் சிஸ்டம் ஃபோல்டரில் தனியாக இருந்திருக்கும், அதையும் கொண்டுவர வேண்டும். ஐகான் மட்டும் வெற்றுத் தாளாக மாறியிருந்தால் முதலில் உருவாக்கிக் குறியீட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் கமாண்ட், ஆப்ஷன் இரண்டையும் அழுத்திக்கொண்டே மேக்கைத் தொடங்கி டெஸ்க்டாப்பைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

11. திருப்பிக் கொடுப்பது

வந்த வழியிலேயே போக வேண்டும்: பின்ஹெக்ஸ் ஆக்கி, அந்த ஒரே கோப்பை அனுப்புங்கள். பழைய மேக்கில் ஸ்டஃபிட் எக்ஸ்பாண்டர் அதைப் பிரித்துவிடும்.

அங்கே ஏற்கெனவே இருக்கும் பிரதியை அழிக்காமல் பெயரை மாற்றி அந்த ஃபோல்டரிலேயே விட்டுவிட்டு, புதியதை முந்தைய பெயரிலேயே, முந்தைய இடத்திலேயே வையுங்கள். பிள்ளைகளின் மதிப்பெண் கோப்பைத் தன் பக்கத்தில்தான் தேடும் மென்பொருள்கள் உண்டு. ஆசிரியையின் மென்பொருளும் அப்படித்தான், வேறு ஃபோல்டரில் வைத்த முதல் முறை எல்லாப் பிள்ளைகளின் பெயரும் காணாமல் போனதுபோல் தெரிந்தது, இடத்தை மாற்றியதும் எல்லாம் திரும்பி வந்தன.